தலைதட்டி அளந்த கிண்ணம்

நல்ல மாவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது ஐயா, கட்டைவிரலால்தான் சொல்ல வேண்டும். கல்லிலிருந்து மாவு இறங்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து, ஆள்காட்டி விரலின் மேல் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் கற்கள் ரொம்ப நெருங்கிவிட்டன. நறநறவென்று இருந்தால் விலகிவிட்டன. முப்பத்தோரு வருடமாகத் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரல் இப்படிச் சப்பையாகிவிட்டது, பாருங்கள். கைரேகை எடுக்க வேண்டுமென்றால் இடது கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் போலீஸ் வேலையாக அடிலெய்டிலிருந்து குதிரைவண்டியில் வந்து முதுகு நிமிராமல் எழுதுகிறீர்கள். எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது.

என் பெயர் எர்ட்மான் ஹெப்னர். வயது ஐம்பத்து நான்கு. பிறந்தது ஜெர்மனியின் சைலீசியாவில். பத்தொன்பது வயதில் மற்ற லூத்தரன் குடும்பங்களோடு கப்பலேறி வந்தேன். இந்த லிண்டன்பாக்கில் மாவு ஆலை என்றால் அது என் ஆலைதான். வேறு கிடையாது.

எங்கள் ஊரில் மாவரைக்கக் காசு வாங்கும் வழக்கம் இல்லை. விவசாயி கோதுமை மூட்டையைக் கொண்டுவருவான், மாவாகத் திரும்ப எடுத்துப் போவான். பதினாறு கிண்ணத்துக்கு ஒரு கிண்ணம் ஆலைக்காரன் பங்கு. அந்தக் கிண்ணம் ஆலை வாசலிலேயே தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். குவியலாக அள்ளிக்கொண்டு, பார்க்காத நேரத்தில் இன்னொரு முறையும் கையை விடுகிற ஆலைக்காரர்களை எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. தலைதட்டித்தான் அளப்பேன். இதை ஊரில் யாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் மற்றதையெல்லாம் எழுதும்போது இதையும் விடாமல் எழுதுங்கள்.

சனிக்கிழமை காலையில் நீங்கள் எங்கள் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். ஆலைச் சங்கு ஊதியதும் இருபது மைல் சுற்றளவிலிருந்து வண்டிகள் வந்து நிற்கும். கோதுமை அரைபடும் நேரத்தில் வீட்டுக்காரி முட்டையையும் வெண்ணெயையும் கடையில் கொடுத்துத் தேயிலை, சர்க்கரை வாங்குவாள். குதிரை லாடத்துக்குக் கொல்லர் நிட்ஷ்கேயின் பட்டறைக்குப் போகும். வீட்டுக்காரன் பீர்க் கடைக்குப் போவான். சேணம் தைப்பவன், தச்சன், செருப்புக்காரன் எல்லாருடைய பிழைப்பும் அந்த நாலு மணி நேரத்தில்தான். கல் சுற்றினால் ஊர் சுற்றும். கல் நின்றால் என்ன ஆகும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி மாதம் நான் உட்கார்ந்து யோசித்தேன்.

அந்த அறுவடையில் யாரோ ஒருவனுடைய கதிர் அறுக்கும் வண்டியிலிருந்து திருகாணி ஒன்று கழன்று கோதுமையோடு வந்துவிட்டது. மேல்கல் அதன்மேல் ஏறி இறங்கியது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கல்லைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தால், என் முஷ்டியைவிடப் பெரிதாக ஒரு பள்ளம். பிரான்ஸிலிருந்து வந்த கல் அது. அதைப் போல இன்னொன்று வர எட்டு மாதம் ஆகும். ரயில் வரும் ஊரில் அந்த வருடம்தான் இரும்பு உருளைகள் வைத்துப் புது ஆலை திறந்திருந்தார்கள். எட்டு மாதம் எங்கள் ஆட்கள் அங்கே வண்டி கட்டிப் போனால், அங்கேயே முட்டையைக் கொடுத்து, அங்கேயே லாடம் அடித்து, அங்கேயே பீர் குடித்துப் பழகிவிடுவார்கள். திரும்ப வரமாட்டார்கள். லிண்டன்பாக் நாலு சுவரும் ஒரு கோயில்மணியும் மட்டுமாக நிற்கும்.

இப்படிப்பட்ட பள்ளத்துக்குப் படிகாரத்தையும் கல்தூளையும் குழைத்து அடைப்பதுதான் முறை. அது காயப் பத்து நாள் ஆகும், ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும். எனக்குப் பத்து நாள் இல்லை. வாசலில் பதினான்கு வண்டி நின்றது. கடையில் காலித் தேயிலைப் பெட்டிகள் கிடந்தன. அவற்றின் உள்ளே உறையாகக் காரீயத் தகடு போட்டிருப்பார்கள், தெரியுமல்லவா? அதை உரித்து உருக்கிப் பள்ளத்தில் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் இறுகிவிட்டது. மேலே உளி வைத்துக் கொத்தி மற்ற இடத்தோடு சமன் செய்தேன். மதியத்துக்குள் கல் சுற்றியது. நிட்ஷ்கே வந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினான்.

"யோவ் எர்ட்மான், நீ ஆலைக்காரன் இல்லய்யா, வைத்தியன்! பல்லு விழுந்த கெழவனுக்குப் பல்லுக் கட்டிட்டியே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இது சத்தியம்.

காரீயம் மென்மையான உலோகம். மூன்று மாதத்தில் தேய்ந்து பாதிப் பள்ளம் தெரிந்தது. மறுபடி ஊற்றினேன். மூன்று மாதம் கழித்து மறுபடி. ஒவ்வொரு முறையும் இரண்டு ராத்தல் பிடிக்கும். அந்த இரண்டு ராத்தல் எங்கே போகிறது என்று முதல் வருடம் நான் யோசிக்கவில்லை. இரண்டாம் வருடம் யோசித்தேன். புதுக் கல்லுக்கு எழுதிப்போட வேண்டும் என்றுதான் இருந்தேன். கல் ஓடிக்கொண்டிருந்ததால் அது தள்ளித் தள்ளிப் போயிற்று.

முதலில் வயிற்றுவலிதான் வந்தது. சாதாரண வலியில்லை, ஆளை இரண்டாக மடித்துப்போடும் வலி. பிறகு முகமெல்லாம் சோகை பிடித்து வெளுத்தது. கர்ப்பம் தங்கவில்லை. தங்கிய குழந்தைகள் வளரவில்லை. நாற்பது மைலுக்கு அப்பாலிருந்து மாதம் ஒருமுறை வரும் டாக்டர் தண்ணீர்தான் சரியில்லை என்றார். எல்லாரும் காய்ச்சிக் குடித்தார்கள். அப்புறம் கைகள் விழ ஆரம்பித்தன. மணிக்கட்டில் பிடிப்புவிட்டுக் கை கீழே தொங்கும். நிட்ஷ்கேயால் சுத்தியலைத் தூக்க முடியவில்லை. கோயிலில் ஆர்கன் வாசிக்கும் அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, தன் கையையே யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நான் பிறந்த ஊரில் பானை செய்பவர்கள் அதிகம். பானைக்கு மெருகு ஏற்றக் காரீயப் பொடியைக் குழைத்துப் பூசுவார்கள். என் சித்தப்பாவுக்கு அதுதான் வேலை. நாற்பது வயதில் அவருக்குச் சித்திதான் சோறூட்டினாள். இரண்டு கையும் அப்படித்தான் தொங்கும். ஈறில் நீலமாக ஒரு கோடு ஓடும்.

அந்த வாரமே ரயில் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை மாவு வாங்கி வந்தேன். என் மனைவி ஒட்டிலி கேட்டாள்.

"ஏங்க, நம்ம ஆலை மாவ விட்டுட்டு வெளியூர் மாவா? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஒனக்கு வயிறு சரியில்ல. உருளை மாவு மெல்லிசா இருக்கும். யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத," என்றேன்.

"ஒரு நாளும் இல்லாத கரிசனமா இருக்கே," என்று சிரித்தாள். ஆனால் சந்தோஷப்பட்டாள். இருபத்தாறு வருடத்தில் நான் அவளுக்காகத் தனியாக எதுவும் வாங்கியதில்லை. அவளுக்கு வயிறு உண்மையிலேயே மந்தம்தான். அதையும் நான் பொய்யாகச் சொல்லவில்லை.

பிறகு ஏன் கல்லை நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நடந்துபோனதை யாராவது திருப்பித் தர முடியுமா? கல்லறைக்குப் போன ஒன்பது குழந்தைகள் எழுந்து வருமா? உயிரோடிருப்பவர்களின் பிழைப்பும் சேர்ந்து போகும், அவ்வளவுதான். இதை நான் பல நாள் யோசித்தேன். தராசில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் ஆலை ஓடுவதுதான் ஊருக்கு நல்லது என்று வந்தது.

இனி சுன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வந்தது அவனுக்காகத்தானே.

சீனாக்காரன் லியோங் சுன் ஓடைக்கரையில் ஆறு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டிருந்தான். தோளில் கம்பு, இரண்டு பக்கமும் கூடை, வாரம் இரண்டு முறை வீடு வீடாக வருவான். எங்கள் பெண்கள் அவனிடம் பேரம் பேசுவதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருந்தார்கள். அவனும் சளைத்தவன் இல்லை. ஒருமுறை ஒட்டிலியிடம் சொன்னான்.

"அம்மா, முட்டைக்கோஸ் வாடிப்போச்சுன்னு வெலையக் கொறைக்கிறீங்க. வாங்கிட்டுப்போய் ஆறு வாரம் புளிக்க வெச்சுத்தான் திங்கப்போறீங்க. அதுக்கு வாடினா என்ன, வாடாட்டி என்ன?"

எனக்கு அவனைப் பிடிக்கும் ஐயா. நல்ல வியாபாரி. கீரைக்கட்டில் ஈரம் தெளித்து எடை ஏற்றமாட்டான். இந்த ஊரில் அவனும் நானும்தான் அளவில் சுத்தம் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அவனுக்கு மட்டும் நோய் வரவில்லை. ஊரே மஞ்சளும் வெளுப்புமாகச் சுருண்டு கிடக்கும்போது அவன் இரண்டு கூடையோடு குதித்துக் குதித்து நடந்தான். அது மற்றவர்கள் கண்ணில் உறுத்த ஆரம்பித்தது. டாக்டர் வேறு தண்ணீர் என்று சொல்லிவிட்டாரா, ஓடைத் தண்ணீரில் விளையும் காய், அவன் செடிக்குப் போடும் உரம் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நான் அந்தப் பேச்சில் மூக்கை நுழைக்கவில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை சுன் ஆலைக்கு வந்தான். கூடை இல்லாமல் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கல் நிற்கும்வரை ஓரமாகக் காத்திருந்தான். நின்ற பிறகுதான் பேசினான்.

"ஹெப்னர் ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல கெடக்குது. எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னு எல்லாரும் கேக்குறாங்க. நானும் கேட்டுப் பாத்தேன். எல்லார் வீட்டுத் தண்ணியும்தான் நான் குடிக்கிறேன். என் காயத்தான் நானும் திங்கிறேன். ரொட்டி மட்டும்தான் திங்கிறதில்ல. நான் அரிசிக்காரன்."

நான் கல்லோரத்து மாவைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"மேட்டுக் கொட்டாய்ல ஆடு மேய்க்கிறானே அந்த ஐரிஷ்காரன், அவனுக்கும் ஒண்ணுமில்ல. அவனுக்கு மாவு ரயில் ஊர்லேருந்து வருது. அப்புறம்..." என்று தயங்கினான். "உங்க வீட்டம்மாவுக்கும் இப்ப ஒண்ணுமில்ல, உங்களுக்கும் இல்ல. போன வாரம் வெங்காயம் கட்டிக்கிட்டுப் போன்னு அம்மா ஒரு சாக்கு குடுத்தாங்க. அதுல ரயில் ஊரு ஆலையோட முத்திரை இருந்துச்சு."

அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

"வேற யார்ட்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொல்லுவேனா? நீங்களும் வியாபாரி, நானும் வியாபாரி. சரக்குல கோளாறுன்னா மொதல்ல கடைக்காரர்ட்டதான் சொல்லணும். உங்களுக்கே தெரியாம என்னமோ நடந்திருக்கு. ஞாயித்துக்கிழமை கோயில்ல நீங்களே எந்திரிச்சுச் சொல்லிடுங்க ஐயா. நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா எவன் கேப்பான்?"

உங்களுக்கே தெரியாமல் என்று சொன்னான், கவனித்தீர்களா? சாக்கைப் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னான். நான் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்தான். அந்தப் பெருந்தன்மையை நான் மறுக்கவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது வாசலில் தொங்கிய கிண்ணத்தைத் தலை குனிந்து கடந்து போனான், உயரமானவன்.

மறுநாள் நிட்ஷ்கே வந்தான். போன மாதம்தான் அவனுடைய இரண்டாவது குழந்தையைப் புதைத்திருந்தோம். வலது கை தொங்கியபடி, இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு நின்றான். அவனோடு நாலு பேர்.

"ஒண்ணு கேக்குறேன் எர்ட்மான், மறைக்காமச் சொல்லு. அந்தச் சீனன் நம்ம ரொட்டிய ஒரு துண்டாச்சும் தின்னு பாத்திருக்கியா?"

"இல்ல," என்றேன்.

"ஊரே படுத்துக் கெடக்கு, அவன் மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குய்யா!"

"தெரியும்போலத்தான் இருக்கு," என்றேன். "நேத்து இங்க வந்திருந்தான். ஊர்ல ஏன் நோவுன்னு தனக்குத் தெரியும்னான். அவனைத் தவிர யாருக்கும் தெரியாதாம்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நீங்கள் என் வாக்குமூலத்தை எத்தனை முறை படித்தாலும் நான் பொய் சொன்ன இடம் ஒன்றைக் காட்ட முடியாது. அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? நிட்ஷ்கே தொங்கிய கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை சுன் கோயில் வேலிக்கு வெளியே நின்றானாம். நான் எழுந்து பேசப்போகிறேன் என்று காத்திருந்திருக்கிறான். நான் எழுந்தது பாட்டுக்கு மட்டும்தான். வெளியே வந்ததும் கூட்டம் அவனைப் பார்த்தது. முப்பது பேர் இருக்கும். அவன் தோட்டத்துக்கு ஓடினான். அவர்கள் பின்னாலேயே போய் முட்டைக்கோசை மிதித்து, பந்தலைச் சாய்த்து, குடிசைக்குத் தீ வைத்தார்கள். கை விழுந்தவர்கள் காலால் செய்தார்கள். நான் போகவில்லை. எனக்கு வன்முறை ஆகாது. ஆலைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். சுன். சட்டை கிழிந்து நெற்றியில் ரத்தம்.

"ஐயா, காப்பாத்துங்க! துரத்திக்கிட்டு வர்றாங்க. நீங்க சொல்லிடுங்கய்யா, இப்பவாச்சும் சொல்லிடுங்க."

உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விரட்டவில்லை. உள்ளே சேர்த்துக்கொண்டேன்.

ஆலையில் மூன்று குதிர்கள் இருக்கின்றன. பலகையால் அடித்தவை, இரண்டு ஆள் உயரம். முதல் இரண்டும் நிறைந்திருந்தன. மூன்றாவதில் அறுவடை விழாக் கோதுமை. அது எங்கள் வழக்கம்: ஒவ்வொரு வீடும் புதுக் கோதுமையில் ஒரு மூட்டை கொடுக்கும். அதை அரைத்து மார்ச் மாதம் கோயிலில் கதிர்க்கட்டு வடிவத்தில் பெரிய ரொட்டி சுட்டு எல்லாருக்கும் பகிர்வார்கள். மிச்ச மாவு வருடம் முழுதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதிய ரொட்டிக்கு. அன்று அந்தக் குதிரில் முழங்கால் அளவுக்குத்தான் கோதுமை இருந்தது. மீதி அறுபது மூட்டை மேல்தளத்துத் தொட்டியில் கொட்டியிருந்தது. கயிற்றை இழுத்தால் குதிருக்குள் இறங்கும்.

"இதுல எறங்கு. மேலாக்கக் கொஞ்சம் கோதுமை விடுறேன். எட்டிப் பாத்தாலும் தெரியாது," என்றேன்.

அவன் என்னை ஒரு நொடி பார்த்தான். பிறகு ஏணியில் இறங்கினான். நான் ஏணியை மேலே எடுத்துக்கொண்டேன், ஏணி நின்றால் சந்தேகம் வரும். மேல்தளத்துக்குப் போய்க் கயிற்றை இழுத்தேன்.

கோதுமை விழுகிற சத்தம் மழைபோல இருக்கும். அதற்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

"இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு ஐயா."

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.

"ஐயா, போதும், கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. மூச்சு முட்டுது."

"இன்னும் கொஞ்சந்தான் சுன், தலை தெரியுது," என்றேன். உண்மையிலேயே தலை தெரிந்தது.

பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. நான் தொட்டி காலியாகும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேற்பரப்பு சமமாக இல்லை, நடுவில் குவிந்திருந்தது. நீளமான பலகையை எடுத்துத் தலைதட்டினேன்.

நிட்ஷ்கேயும் மற்றவர்களும் வந்து ஆலை முழுக்கத் தேடினார்கள். மூன்று குதிர்களையும் எட்டிப் பார்த்தார்கள். நிறைந்த கோதுமை. "நல்ல வெளச்சல்," என்று ஒருவன் சொன்னான். அவர்கள் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. போன உடனே நான் திறக்கவில்லை. யாராவது திரும்பி வரலாம் அல்லவா? எதிலும் பதற்றம் ஆகாது.

வெயில் சாயும் நேரத்தில் அடிக்கதவைத் திறந்தேன். கோதுமையோடு அவனும் வந்தான். துணியால் துடைத்தேன். காதிலும் மடிப்புகளிலும் இருந்த மணிகளையெல்லாம் எடுத்தேன். தவிட்டு வண்டியில் வைத்து ஆலைக்குப் பின்னால் ஓடை மடுவில் இறக்கிவிட்டேன். மறுநாள் காலையில் அவனைப் பார்த்தவர்கள், துரத்தும்போது தாங்கள்தான் தண்ணீரில் தள்ளியிருக்கிறோம் என்று நம்பினார்கள். முப்பது பேரில் ஒவ்வொருவனும் மற்றவன்தான் தள்ளியிருப்பான் என்று நினைத்தான். யாரும் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஊரில் ஒரு சாந்தம் வந்தது, அதை நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒருவரோடொருவர் அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை வியாபாரம் ஒரு வாரம்கூடத் தடைப்படவில்லை.

நீங்கள் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். அவன் வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தொண்டைக்குள் பதினொரு கோதுமை மணி இருந்தது என்று நேற்று நீங்கள் சொன்னபோது, எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் வந்தது. அரிசி மட்டும் தின்கிறவன் வாயில் கோதுமை. இந்த ஊரில் அவன் தின்ற முதல் கோதுமை அதுதான். அது என் ஆலையிலிருந்து போனது என்று தெரிய ரொம்ப நேரம் ஆகாது. அதனால்தான் காலையில் நானே உங்களிடம் நடந்து வந்தேன்.

ஆக, லியோங் சுன்னை நான்தான் கொன்றேன். அதை நேராகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதற்கான தண்டனையை ஏற்கிறேன். கல் விஷயத்தை மட்டும் இதோடு கலக்காதீர்கள். இது ஒரு மனிதனுக்கு நான் செய்த கெடுதல். அது ஊருக்கு நான் செய்த சேவை.

மணி அடிக்கிறது, கேட்கிறதா? அறுவடை விழா ஆராதனை முடிந்தது. இரண்டாவது மணி அடித்தால் ரொட்டியை வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில். கையில் பிடித்து நிற்கத் தெரிந்த வயதிலிருந்து எல்லாரும் வரிசையில் வருவார்கள். ஒட்டிலியும் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு அங்கேதான் இருப்பாள்.

ஆமாம், மூன்றாம் குதிர்க் கோதுமைதான். அள்ளி மறுபடி உள்ளே கொட்டிவிட்டேனே. முதல் தரமான கோதுமை, அதை எப்படி வீணாக்குவது? விழா மாவு நைசாக வர வேண்டும் என்று வியாழக்கிழமைதான் கல்லைக் கொத்தி, பள்ளத்தைப் புதிதாக ஊற்றி நிரப்பினேன். வெள்ளிக்கிழமை எழுபது மூட்டையும் அரைத்து முடித்தேன். பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து, வருடம் முழுதுக்கும் போதும்.

ஏன் ஐயா எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவ்வளவு தூரம் ஓடினாலும் இரண்டாவது மணிக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. பேனாவை எடுங்கள், ஒரே ஒரு வரிதான் பாக்கி. அந்த எழுபது மூட்டைக்கும் நான் ஒரு கிண்ணம்கூடப் பங்கு எடுத்துக்கொள்ளவில்லை.